ஜன்னல் ஒழுகுது மச்சான்! ஒரு பழைய படகும் நனைந்த தலையணையும்

“அப்பா... என் தலையணை நனைஞ்சிருக்கு.”

இரவு 2 மணி. மகளின் குரல் கேட்டுச் சட்டென எழுந்தேன். எழுந்த வேகத்தில் தலை கூரையில் ‘ணங்’கென்று இடித்தது. 26 அடி பாய்மரப் படகுக்குள் வாழ்க்கை அப்படித்தான். நிமிர்ந்தால் கூரை, திரும்பினால் சுவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெட்வே நதி தேம்ஸ் கழிமுகத்தோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நங்கூரம் போட்டிருந்தோம். ஈஸ்டர் விடுமுறை. வெளியே விடாத மழை. டார்ச் அடித்துப் பார்த்தால், மகளின் தலைக்கு நேர் மேலே, ஜன்னல் பிரேமின் கீழ்மூலையில் ஒரு சொட்டு கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. பின்னாலேயே அடுத்தது.

“போன மாசம்தானே மாப்ளே சிலிக்கான் அடிச்சேன்!” எதிர்ப் படுக்கையிலிருந்து மச்சான்.

அடித்தார், உண்மைதான். அதற்கு முந்தைய வருஷமும் அடித்தார். அதற்கு முந்தைய வருஷமும். நானும் மச்சானும் (என் மனைவியின் அண்ணன்) பாதிப் பாதி பணம் போட்டு இந்தப் படகை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமும் ஜன்னலைச் சுற்றி டியூப் டியூபாகப் பிதுக்கியதில், வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கள் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளிக்க மறந்தவர் மாதிரி இருந்தன. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

மழைக்கால இரவில் ஓட்டு வீட்டுக்குள் பாத்திரம் வைத்து எழுந்த பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கதையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

படகு சாகாது, ஜன்னல் சாகும்

‘அவ்வளவு பழைய படகை ஏன் வாங்கினீர்கள்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். விலைதான் காரணம். ஓடிக் களைத்த ஒரு கார் வாங்கும் காசில் இங்கே ஒரு பாய்மரப் படகு கிடைக்கும். மரத்தில் கட்டிய காலத்தில் படகுகள் உளுத்துப் போயின. பராமரிக்காவிட்டால் சில வருஷங்களில் விறகு. பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது. 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ‘பியர்சன் ட்ரைட்டன்’ என்ற 28 அடி படகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த ஆசையைக் காட்டியது. இங்கிலாந்தில் 1969-ல் வந்த ‘வெஸ்டர்லி சென்டார்’ என்ற 26 அடி படகு மட்டும் 2,400-க்கு மேல் கட்டப்பட்டது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் மாதிரி இரட்டைக் கீல் உண்டு. கடல் வற்றும்போது சேற்றில் சாயாமல் நிற்கும்.

இந்தப் படகுகளின் உடம்பு உளுப்பதில்லை, கரையான் அரிப்பதில்லை. ஐம்பது வயதிலும் திடமாக மிதக்கின்றன. ஆனால் ஜன்னலில் இருக்கும் ரப்பரும், பசையும், பிளாஸ்டிக்கும் அவ்வளவு காலம் தாங்காது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சமாசாரங்கள் அவை. கைமாறிக் கைமாறி வந்த படகில் அதை யார் செய்திருப்பார்கள்? அவரவர் காலத்தில் ஆளுக்கொரு டியூப் பிதுக்கிவிட்டு விற்றிருப்பார்கள். எங்களுக்கும் அதே யோசனைதான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் படகு ஜன்னல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் படகில் ஆறு. கேபின் சுவரில் நீள்வட்டமாக ஒரு ஓட்டை. வெளிப்பக்கம் ஒரு அலுமினிய பிரேம், உள்பக்கம் ஒரு அலுமினிய வளையம். இரண்டும் சுவரை நடுவில் வைத்து சாண்ட்விச் மாதிரி கவ்விக்கொள்ளும். குறுக்கே ஸ்க்ரூக்கள் இறுக்கிப் பிடிக்கும். பிரேமுக்குள் ரப்பர் பட்டை. ரப்பருக்குள் கண்ணாடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது அக்ரிலிக் பிளாஸ்டிக்.

ஆக, தண்ணீர் புக இரண்டு வழிகள். பிளாஸ்டிக்குக்கும் பிரேமுக்கும் நடுவே ஒன்று. பிரேமுக்கும் சுவருக்கும் நடுவே மற்றொன்று. மூன்று வருஷமாக மச்சான் பூசியது இந்த இரண்டுக்கும் மேலே.

நாக்கில் வைத்துப் பார்த்தார் மச்சான்

மறுநாள் காலை மச்சான் செய்த முதல் காரியம், ஜன்னலில் தொங்கிய சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தது. என் மனைவி முகத்தைச் சுளித்தாள். “ச்சீ... என்னண்ணா இது!”

“உப்பு இல்லம்மா. மழைத் தண்ணிதான்.”

அருவருப்பாக இருந்தாலும் இது சரியான சோதனை. உப்புக் கரித்தால் அலைத் தெறிப்பு. கரிக்காவிட்டால் மழை, இல்லையென்றால் நம் மூச்சுக்காற்று. ஆமாம், மூச்சுதான். நாலு பேர் மூடிய கேபினுக்குள் தூங்கினால், குளிர்ந்த அலுமினிய பிரேமில் ராத்திரி முழுக்க ஈரம் படியும். ஐஸ் போட்ட டம்ளருக்கு வியர்க்கிற மாதிரி. மழையே இல்லாத ராத்திரியிலும் ஜன்னல் நனைந்திருந்தால், அது ஒழுகல் அல்ல. காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். பிரேமைத் துடைத்துவிட்டு வெளியிலிருந்து தண்ணீர் அடித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடித்துப் பார்த்தோம். குழப்பம் கூடியது!

இந்தக் காலத்துப் படகுகளின் உள்சுவரில், அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டிய ரெக்சின் மாதிரி துணி போர்த்தியிருப்பார்கள். தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தலைகாட்டும் இடம் வேறு. துணிக்குப் பின்னாலேயே வழிந்து வந்து, எங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறதோ அங்கே வெளியே வரும். பெரும்பாலும் அந்த முட்டுக்கட்டை ஜன்னல் பிரேம்தான். செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து அதுதான் பழி சுமக்கும்.

அதனால் ரெக்சினைக் கழற்றினோம். பழைய ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து மூக்கிலும் டீயிலும் விழுந்தது. பிறகு ஹோஸ் பைப். இதில் ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து தண்ணீர் விடக்கூடாது. விட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். வெளியே ஒருவர் பைப்போடு. உள்ளே ஒருவர் டார்ச்சோடு. உள்சுவரில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டால் மெல்லிய ஈரக்கோடுகூடப் பளிச்சென்று தெரியும். பவுடர் டின்னோடு உள்ளே காவல் இருந்தது என் மகள்.

கீழ் விளிம்பு... ஒன்றுமில்லை. பக்க விளிம்பு... ஒன்றுமில்லை. மேல் விளிம்பு வந்ததும் உள்ளேயிருந்து கத்தினாள்: “மாமா, வருது! மூலையில வருது!”

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் காற்றை வைத்துப் பார்க்கலாம். ஒரு திறப்பை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் டேப் போட்டு மூடிவிட்டு, அந்த ஒன்றில் அட்டையை வெட்டி வைத்து, இலை ஊதும் மெஷினைச் செருகி மெதுவாக ஓடவிடுவது. கேபினுக்குள் கொஞ்சம் காற்றழுத்தம் ஏறும். வெளியே பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குமிழ்விடும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான், தலைகீழாக. செய்தோம். ஜன்னலின் மேல்மூலையில் குமிழ். அதோடு, நாங்கள் எதிர்பார்க்காத இன்னொரு இடத்திலும் குமிழ். கூரையில் நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு மரக்கம்பி உண்டு. அதன் போல்ட்டு அடியில். மகளின் தலையணையை நனைத்ததில் பாதிப் பங்கு அந்தப் போல்ட்டுடையது. அந்தத் தண்ணீர் துணிக்குப் பின்னால் வழிந்து ஜன்னலில் வந்து சொட்டியிருக்கிறது.

அப்போதுதான் சிலிக்கான் ரகசியமும் புரிந்தது. தண்ணீர் நுழைந்ததோ மேலே. மச்சான் தாராளமாகப் பூசியதோ, சொட்டு தெரிந்த கீழ்ப்பக்கம். உள்ளே வந்த தண்ணீர் பிரேமுக்குக் கீழே கசிந்து வெளியேறக்கூட வழியில்லாமல் அணை கட்டிய மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் அங்கேயே தங்கி, பக்கத்திலிருந்த சுவரின் உள்பாகத்தில் ஊறியிருக்கிறது.

ஊறிப்போன ரஸ்க்

ஃபைபர் கிளாஸ் சுவர் என்றால் முழுக்க ஃபைபர் கிளாஸ் என்று நினைத்திருந்தோம். அப்படியில்லை. வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல். நடுவே கனம் கொடுக்க மரம். சில படகுகளில் பால்சா, சிலவற்றில் பிளைவுட். எடை குறைவு, உறுதி அதிகம், தண்ணீர் படாத வரைக்கும். ஜன்னலுக்காகச் சுவரை வெட்டும்போது அந்த மரத்தின் விளிம்பு வெளியே தெரியும். அதற்கும் மழைக்கும் நடுவே இருப்பது அந்தப் பசை மட்டும்தான்.

இதெல்லாம் தெரியாமல், மச்சான் அந்த வாரமே படகை விற்பனைக்குப் போட்டுவிட்டார். “போதும் மாப்ளே. தங்கச்சியும் திட்டுறா. வித்துட்டு நிம்மதியா இருப்போம்.” ஒருவர் போன் செய்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். கோடைக்குள் ஒரு படகு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். ‘வருகிறவர் கண்ணுக்கு நீட்டாக இருக்கட்டும்’ என்று, சனிக்கிழமை ஒரே ஒரு ஜன்னலைக் கழற்றிச் சுத்தமாக மாட்டலாம் என்று இறங்கினோம்.

ஸ்க்ரூக்கள் அசையவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புக் காற்றில் பல வருஷம் ஒட்டியிருந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சால்டரிங் அயர்னால் தலையைச் சூடாக்கி, ஸ்க்ரூ டிரைவரைச் சரியாகப் பொருத்தி ஒரு தட்டுத் தட்டித் திருப்பினால் பெரும்பாலானவை வரும். ஒன்று முறிந்தது. அதை ட்ரில் போட்டு எடுத்தோம். பிறகு மெல்லிய பட்டித் தகடை பிரேமுக்கு அடியில் நுழைத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். அவசரப்பட்டு ஒரே இடத்தில் நெம்பினால் பிரேம் வளைந்துவிடும். வளைந்த பிரேம் என்ன பூசினாலும் ஒழுகும்.

பிரேம் வந்தது. உள்ளே சுவரின் வெட்டு விளிம்பைப் பார்த்தோம். மரம் கறுப்பாக இருந்தது. மச்சான் விரலால் தொட்டார். டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

ஜன்னலைக் கவ்விப் பிடித்திருப்பது அந்தச் சுவர். ஸ்க்ரூ கடித்திருப்பது அந்த மரம். எங்கள் பெரிய ஜன்னல் ஒன்று ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரம். படகு சாய்ந்து அதன்மேல் அரை மீட்டர் தண்ணீர் சும்மா நின்றாலே 75 கிலோவுக்கு மேல் பாரம். ஒரு ஆள் ஏறி நிற்கிற மாதிரி. வேகமாக வந்து அறைகிற அலை அதைப் போலப் பல மடங்கு. ஜன்னல் உள்ளே பிய்த்துக்கொண்டு வந்தால், அந்த அகலத்துக்குக் கடல் வரும்.

மும்பையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்ற 32 அடி படகு ஞாபகம் வந்தது. 1968-69-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில்தான் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார்; 312 நாட்கள். தென்கடலில் ஒரு புயல் இரவில் படகு கவிழ்கிற அளவுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகு பார்த்தால், கேபினே டெக்கிலிருந்து லேசாக நகர்ந்து, இணைப்பில் விரிசல் விட்டு, அதன் வழியே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடுத்த அலை கேபினை மொத்தமாகப் பெயர்த்துவிடுமோ என்று அவர் பயந்தார். அவர் இருந்தது உலகின் மிக மோசமான கடல். நாங்கள் இருப்பது மெட்வே. ஆனாலும் முகத்துவாரத்தைத் தாண்டினால் எங்களுக்கும் கடல்தான்.

“மரத்த மூடி, துணிய ஒட்டிட்டா நாளைக்கு வர்றவருக்குத் தெரியாது” என்றார் மச்சான், ஜன்னல் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே.

“அவருக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க மச்சான்.”

“தெரியும் மாப்ளே.” போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. விற்பனை விளம்பரத்தையும் அன்றே எடுத்துவிட்டார்.

தோண்டு, நிரப்பு, காத்திரு

இனி வேலை. சொல்லச் சுலபம், செய்ய இரண்டு மாதம். படகைச் சேற்றிலிருந்து கரை யார்டுக்கு ஏற்றினோம். ஆறு ஜன்னல்களில் ஐந்தைக் கழற்றினோம். மேலே தார்ப்பாய்க் கூடாரம். உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷின். மரம் காயும் வரைக்கும் அதைத் தொடக்கூடாது.

காய்ந்த பிறகு, எல் வடிவ ஆலன் சாவியை ட்ரில்லில் மாட்டி, சுவரின் இரண்டு தோல்களுக்கு நடுவே விட்டுச் சுழற்றினால் உளுத்த மரம் தூளாகி வெளியே வரும். நல்ல மரம் தட்டுப்படும் வரை தோண்ட வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டு விரற்கடை. அந்த மேல்மூலையில் மட்டும் ஒரு சாண் போனது. பிறகு எபாக்ஸியைச் சிலிக்காத் தூளோடு கலந்து, கெட்டி இட்லி மாவு பதத்தில், இடைவெளி விடாமல் அடைத்தோம். (கையுறை கட்டாயம். ஒருமுறை கையில் ஒட்டினால் தெரியும்.) இறுகிய பிறகு தேய்த்து மட்டமாக்கி, ஸ்க்ரூ ஓட்டைகளைப் புதிதாகப் போட்டோம். இப்போது எந்த ஓட்டை வழியாகவும் தண்ணீர் மரத்தைத் தொட முடியாது. கூரைக் கம்பியின் போல்ட் ஓட்டைகளுக்கும் இதே வைத்தியம்.

அக்ரிலிக் பலகைகள் வெயிலில் மங்கி, சிலந்தி வலை மாதிரி கீறல் விட்டிருந்தன. பழையதையே அச்சாக வைத்துப் புதியது வெட்டினோம். ‘பாலிகார்பனேட் போடுங்கள், சுத்தியலால் அடித்தாலும் உடையாது’ என்று யார்டில் சிலர் சொன்னார்கள். உடையாதுதான். ஆனால் சுலபமாகக் கீறல் விழும், வெயிலில் சீக்கிரம் மங்கும், அதே கனத்தில் அக்ரிலிக்கைவிட அதிகம் வளையும். பெருங்கடல் தாண்டப் போகிறவர்களுக்குச் சரி. எங்களுக்கு அக்ரிலிக் போதும்.

அந்தப் புதுப் பலகை ஒன்றைக் கெடுத்த புண்ணியம் எனக்கு. பசைக்கறை ஒட்டியிருந்ததே என்று அசிட்டோனில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். கறை போனது. மறுநாள் பார்த்தால் பலகை முழுக்க மெல்லிய வெடிப்புகள். நெயில் பாலிஷ் அழிக்கப் பயன்படும் அதே அசிட்டோன், அக்ரிலிக்குக்கு விஷம். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. சோப்பும் தண்ணீரும் போதும். “இதுக்குத்தான் மூணு வருஷமா என்னைத் திட்டினீங்களா மாப்ளே?” என்றார் மச்சான். இரண்டாவது பலகைக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

பசை எனப்படுவது யாதெனில்

படகுச் சாமான் கடையில் பசை அலமாரிக்கு முன்னால் நின்றால் தலை சுற்றும். எல்லா டியூபிலும் ‘மரைன்’ என்று எழுதியிருக்கும். நாங்கள் தெரிந்துகொண்டவரை விஷயம் இதுதான்.

சிலிக்கான் கெட்டதல்ல. பிளாஸ்டிக்கைக் கெடுக்காது, நன்றாக இழுபடும். பலகைக்கும் பிரேமுக்கும் நடுவே போடலாம். ஆனால் பிரேமுக்கும் படகுச் சுவருக்கும் நடுவே அதைப் போட்டால், அடுத்த முறை அந்த இடத்தில் எதுவுமே ஒட்டாது. புதுச் சிலிக்கான்கூட ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுக்கல் தங்கிவிடும். மூன்று வருஷப் பூச்சைச் சுரண்டித் தேய்த்து எடுக்க எங்களுக்கு நாலு வாரக் கடைசிகள் போயின.

பாலியூரித்தேன் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். அடிப்பாகத்தை டெக்கோடு சேர்க்கிற இடங்களுக்கு உகந்தது. என்றாவது கழற்ற வேண்டிய ஜன்னலுக்கு ஆகாது. கழற்றும்போது சுவரின் தோலும் சேர்ந்து வரும். பாலிசல்ஃபைட் பிரேமுக்கும் சுவருக்கும் அருமையாக உட்காரும். ஆனால் அக்ரிலிக்கில் பட்டால் அதைப் பாழாக்கும்.

நாங்கள் எடுத்தது பியூட்டைல் டேப். சாம்பல் நிறத்தில் சுருட்டி வரும், மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி. எப்போதும் இறுகாது, அதுதான் அதன் குணம், பலம் எல்லாமே. விலையும் குறைவு. குளிரில் விறைத்துக்கொள்ளும் என்பதால் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேற்றி எடுக்க வேண்டும்.

இறுகாதது எப்படிப் பலமாகும்? வீட்டு ஜன்னல் ஒரே இடத்தில் நிற்கிறது. படகு ஜன்னல் நிற்பதில்லை. பாய் காற்றை வாங்கும்போது பாய்மரக் கம்பிகள் டெக்கை மேலே இழுக்கின்றன. அலையில் சுவர் முறுக்குகிறது. அதைவிடப் பெரிய ஆட்டம் வெயிலால் வருவது. 60 செ.மீ. அக்ரிலிக் பலகை, பனி விழும் காலைக்கும் சுட்டெரிக்கும் மதியத்துக்கும் இடையே 40 டிகிரி மாறினால், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதைப் பிடித்திருக்கும் அலுமினியம் நீள்வது அரை மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒன்றோடொன்று தினமும் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் பலகையைப் பிரேமின் அளவுக்கு இடுக்கில்லாமல் வெட்டக்கூடாது. சுற்றிலும் இடம் விட வேண்டும். பசையும் மெலிசாக இருக்கக்கூடாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் பசை இருந்தால், ஒன்றரை மில்லிமீட்டர் இழுப்புக்கு அது கிழியாமல் என்ன செய்யும்? கனமாக இருந்தால் ரப்பர் பேண்ட் மாதிரி போய் வரும்.

இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் ஜன்னலில் மச்சான் காட்டினார். டேப்பை பிரேமைச் சுற்றி அழகாக ஒட்டி, ஸ்க்ரூ ஒவ்வொன்றின் கழுத்திலும் கொஞ்சம் உருட்டிச் சுற்றி, பிரேமைச் சுவரில் வைத்து, ஸ்பானரோடு உட்கார்ந்தார். இறுக்கினார்... இறுக்கினார்... மூச்சைப் பிடித்து இறுக்கினார். டேப் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்து, கத்தியால் வழித்தால் ஒரு உருண்டை. “இனி ஒரு சொட்டு வராது!” ஹோஸ் பைப்பைத் திறந்தோம். உள்ளே மகள்: “மாமா... வருது!”

கழற்றினோம். பிரேமுக்கு அடியில் பசையே இல்லை. உலோகமும் சுவரும் நேராக ஒட்டி உட்கார்ந்திருந்தன.

இரண்டாவது முறை வேறு மாதிரி. டேப் போட்டு, ஸ்க்ரூக்களைக் கையால் சுற்றி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிரேமின் ஓரத்தில் சாம்பல் நிறம் மெல்லக் கோடாக எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். அன்று அவ்வளவுதான். டீ குடிக்கப் போகலாம். மறுநாள் வெயிலில் டேப் இளகும். இன்னொரு கால் சுற்று. அடுத்த வாரம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிதுங்கும், வழித்துவிடலாம். பிதுங்குவது நின்றதும் ஸ்பானரைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஸ்பானரைத் தேடிய மச்சானிடமிருந்து என் மனைவி அதை ஒளித்து வைத்தாள்.

பிரேம் இல்லாத, பலகையையே வெளியிலிருந்து நேராகச் சுவரில் பதிக்கிற புதுவகை ஜன்னல் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாகப் போடுங்கள். பலகை நீள இடம் வேண்டும். தலை தட்டையாக உட்காரும் ஸ்க்ரூவாக இருக்கட்டும். குழிவாக இறங்கும் தலை ஆப்பு மாதிரி இறங்கி அக்ரிலிக்கைப் பிளந்துவிடும்.

ஸ்க்ரூ மாட்டும்போது அதன் மரையில் அரிப்புத் தடுப்புப் பசை கொஞ்சம் தடவ மறக்கவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இதைக் கழற்றப் போகிறவர் யாரோ, அவர் எங்களைத் திட்டக்கூடாது.

ஆகஸ்ட் மழை

ஜூலைக் கடைசியில் படகு தண்ணீருக்கு இறங்கியது. இங்கிலாந்தில் மழைக்காகக் காத்திருக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. அந்த வருஷம் மூன்று வாரம் வெயில் கொளுத்தியது. மச்சான் தினமும் போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தது. கூரையில் கல் எறிகிற மாதிரி மழை. தூங்கியது மகள் மட்டும்தான். நாங்கள் மூன்று பேரும் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தோம். இன்னும் துணி ஒட்டாத வெற்றுச் சுவரில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து பிரேமைத் தொட்டுப் பார்த்தேன். விரல் ஈரமானது. மச்சானின் முகம் வாடிவிட்டது. என் விரலிலிருந்து வழித்து நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. வெளிவிளிம்பு முழுக்கப் பார்த்தார், மேல்மூலையைப் பார்த்தார். எங்கும் கோடு இல்லை. பலகையின் உள்பக்கம் முழுக்க ஒரே சீராக வியர்த்திருந்தது.

“மூச்சு” என்றாள் என் மனைவி. “மூணு பேரும் பேய் மாதிரி முழிச்சு உட்கார்ந்து மூச்சு விட்டா வியர்க்காம என்ன செய்யும்? அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க.”

திறந்து வைத்தோம். காலையில் தலையணை காய்ந்திருந்தது.

கழற்றாத ஆறாவது ஜன்னல் ஒன்று பாக்கி இருக்கிறது. கழிப்பறையில் இருக்கும் சின்ன ஜன்னல். அதுவும் ஒழுகுகிறது. ஸ்க்ரூவில் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறோம்; அடுத்த ஏப்ரலில்தான் கைவைக்கப் போகிறோம். அதுவரைக்கும் அதன் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது.